எட்டு மாத பேக்கப்

சனிக்கிழமை காலை அண்ணி பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். "தம்பி, அவர் குரலெல்லாம் வரிசையா இருக்குமே, இன்னிக்கு ஒன்னையும் காணோம். என் போன்லதான் ஏதாவது ஆயிடுச்சா?"

பார்க்கிறேன் என்றான். சின்னக் கோளாறாக இருக்கும் என்றும் சொல்லிவைத்தான்.

ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பராமரிப்பது அவன் வேலை. பொழுதுபோக்கும் அதுவே. வீட்டில் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, குடும்பத்தின் படங்கள், காகிதங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றியிருந்தான். நம் வீட்டுப் பொருள் எவன் வீட்டிலோ எதற்கு என்பது அவன் கட்சி. அவன் மனைவி அந்தக் கம்ப்யூட்டருக்கு 'இளையாள்' என்று பெயர் வைத்திருந்தாள்.

அண்ணன் மாரடைப்பில் போன மறுவாரம், அண்ணி விரிசல் விட்ட தன் பழைய போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆறு வருடங்களில் அண்ணன் அவளுக்குப் பேசி அனுப்பிய முந்நூற்றுப் பதினொரு செய்திகள் அதில் மட்டுமே இருந்தன. அவன் அவற்றைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அவளுடைய புதுப் போனில் கேட்கும்படி செய்துகொடுத்தான். பழைய போனில் இருந்ததையெல்லாம் அழித்துக் கடையில் போட்டவனும் அவன்தான். இனி கவலையே வேண்டாம் அண்ணி என்று சொன்னவனும் அவன்தான். அன்று முதல் வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவள் தினமும் இரண்டு மூன்று செய்திகளைக் கேட்பாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி கன்டெய்னருக்குள் ஓடும். கன்டெய்னர் என்பது தூக்கி எறிவதற்கென்றே செய்த பெட்டி. புதிய பதிப்பு வந்தால் பழைய பெட்டியை எறிந்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். காப்பாற்ற வேண்டியதைப் பெட்டிக்கு வெளியே ஒரு ஃபோல்டரில் வைக்கும்படி ஒரே ஒரு வரி எழுத வேண்டும். ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவன் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற வரி. அண்ணன் போன அந்த மறுவாரத்தில், அழுது வீங்கிய கண்களோடு உட்கார்ந்து செய்தபோது, அந்த வரியில் ஃபோல்டரின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தான். குரல்கள் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டன. பேக்கப்போ வெளியே இருந்த ஃபோல்டரை நாள் தவறாமல் நகலெடுத்தது. எட்டு மாதமாக, ஒன்றுமே இல்லாத ஃபோல்டரை. வேலை முடிந்தது என்று தினமும் பச்சை நிறத்தில் செய்தி வரும். அவனும் பார்த்துத் திருப்திப்படுவான்.

வெள்ளிக்கிழமை அப்டேட் செய்து, பழைய பெட்டிகளை ஒரே கட்டளையில் ஒழித்தபோது, இவ்வளவு இடம் மிச்சம் என்று திரை காட்டியது. வீட்டைப் பெருக்கித் துடைத்த மாதிரி இருந்தது அவனுக்கு.

செத்த டிஸ்க்குகளை எழுப்புவதால் ஆபீஸில் 'டாக்டர்' என்று பெயர் வாங்கிய நண்பர், விடுமுறை என்றும் பார்க்காமல் வயர் பையோடு வந்தார். அழிந்ததைத் தேடும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. நடந்தது நடக்காததாக ஆகட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். அப்படி ஒரு வேண்டுதலை வைத்துக்கொண்டு கடவுள்தான் என்ன செய்வார்? அழித்த இடத்தை அப்போதே வெறுமையாக்கிவிடும் ரக டிஸ்க் அது. சாயங்காலம் டாக்டர் வயர்களைச் சுருட்டினார்.

"டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லிடுப்பா," என்றார். "எல்லார் வீட்லயும் போறதுதான். டிஸ்க்குக்குப் பாவமும் கிடையாது, பதில் சொல்ல அண்ணியும் கிடையாது."

அவர் கெட்டவர் இல்லை. நண்பன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னார். ஆனால் டிஸ்க் போய்விட்டது என்றால், அதைச் சரிசெய்கிற ஆள் எங்கேயாவது இருப்பான் என்று அண்ணி வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்பாள். அவளை அப்படிக் காத்திருக்க வைத்துத் தான் தப்பிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அதைச் சொன்னதும் டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் தன் வண்டியிலேயே அவனை அண்ணி வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மூன்று மாடி. படியேறும்போது அவன் கடவுளிடம் தைரியத்தை மட்டும் கேட்டுக்கொண்டான்.

மருந்துக்கடை வேலை முடிந்து அண்ணி அப்போதுதான் வந்திருந்தாள். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவன் நின்றபடியே பெட்டி, ஃபோல்டர் என்று ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சுத்தமா இல்லையா?"

"இல்ல அண்ணி. நான்தான் அழிச்சேன்."

"நீதானே கவலையே வேண்டாம்னு சொன்ன."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போவதா உட்காருவதா என்று தெரியாமல் அவன் நின்ற இடத்திலேயே நின்றான். வெகுநேரம் கழித்துக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு நோட்டையும் பேனாவையும் மேஜைமேல் வைத்தாள். அவன் பக்கமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அவர் பேசினதை நான் சொல்றேன், நீ எழுது."

பஸ் ஸ்டாப்பில் நிற்காதே, மழை வருகிறது, நானே வருகிறேன். சாவி உன் பையில் இருக்கிறதா பார். கோபமா, பேசமாட்டாயா, சரி, நானே பேசிக்கொள்கிறேன். அண்ணன் இப்படியெல்லாம் பேசுவான் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. செய்திகளை மாற்றிக் கொடுத்தபோது, அடுத்தவர் பேச்சு என்று அவன் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

பதினேழாவதில் அண்ணி நின்றாள். கண்ணை மூடி, உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தாள்.

"'வந்துடறேன்'னாரா, 'வந்துட்டே இருக்கேன்'னாரா?" என்றாள். "நேத்துகூடக் கேட்டேனே."

அவன் பேனாவை நிறுத்திக் காத்திருந்தான்.

"ரெண்டையும் எழுது," என்றாள்.

இரண்டையும் எழுதினான்.