சாஸம்மா வழங்கும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை அரைப் பக்கக் கட்டுரையாகப் பிறந்தது. திருச்சியில் எடுத்த ஒரு புதுப் படத்தின் பாடல் வெளியீட்டு மலருக்கு, தயாரிப்பாளரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். தயாரிப்பாளர் மரிசெல் டிமாகிபா, பிலிப்பைன்ஸ்காரர். நான் எழுதிய முதல் வரி இது:

"பாலக்கரை பிலோமின்ராஜ் குவைத்தில் வேலை பார்த்தபோது கைப்பிடித்த..."

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வரியின் மேல் விரலை ஓட்டிப் படித்தார்.

"என்னைப் பத்திதானே எழுதச் சொன்னாங்க? இவரு ஏங்க முதல்ல வராரு?"

பக்கத்திலிருந்த கணவர் பிலோமின்ராஜ், "இருக்கட்டும்மா, நல்லாத்தானே இருக்கு" என்றார்.

2

இரண்டாவது தொடக்கம்: "ஏழு கடல் தாண்டி வந்த அந்தப் பறவை..." (அடித்துவிட்டேன். விமானத்தில் வந்தவர்.)

மூன்றாவது: "குடும்பத்துக்கு விளக்கேற்ற வந்த மருமகள்..." (வந்தவர் ஏற்றியது பாய்லரை.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். பதினெட்டு வருடங்களுக்கு முன், தொட்டியத்தில் விலைபோகாத வாழைத்தார்கள் தோப்பிலேயே அழுகுவதைப் பார்த்தார். அவர் ஊரில் வாழைப்பழத்தில் சாஸ் செய்வார்கள். இங்கேயும் செய்தார். பழத்தில் சாஸா என்று சிரித்தவர்கள் இன்று சமோசாவுக்கு அதைத்தான் தொட்டுக்கொள்கிறார்கள். கணவர் பெயரில் இருந்தால் லோன் சுலபம் என்று யாரோ சொல்ல, பாட்டிலில் 'பிலோமின் ஃபுட்ஸ்' என்று ஒட்டினார்கள். பிலோமின்ராஜ் அப்போது குவைத்தில் இருந்தார்.* ஊர் இவரைச் சாஸம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. அந்தச் சாஸ் காசில்தான் இப்போது படம் எடுத்திருக்கிறார்.

* ஊர் திரும்பிய பிறகும் ஃபேக்டரிக்கு வழி கேட்டுத்தான் போகிறார்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கதாநாயகிக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகுமா? வாசகருக்குப் பிடிக்க வேண்டுமே, கொஞ்சம் அழவைக்கலாமா? [அழவைத்தேன். அம்மா மண்டபம் படித்துறை, கண்ணீர், பின்னணியில் காவிரி. படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.] அவர் அழுகிற ஆளில்லை.

திருத்திய கட்டுரையோடு நான் போன அன்றுதான் போஸ்டர் நகல் வந்தது. மேலே கொட்டை எழுத்தில்: 'பிலோமின்ராஜ் வழங்கும்'.

"நாளைக்கு ஸ்ரீரங்கம் முழுக்க ஒட்டுறோம் மேடம். உங்க பேரு ஜனங்க வாயில நுழையாதுங்க" என்றார் இயக்குநர் ஆசீர். அவர் படத்தின் தலைப்பே ஏழு வார்த்தை.

"பாட்டில்ல விட்டுக்கொடுத்தேன். அதைப் பாக்குறப்பல்லாம் இன்னும் வயிறு எரியுது. இது என் படம், ஆசீர். என் பேரு இல்லாம ஒரு சுவத்துலயும் ஒட்டக்கூடாது."

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க" என்றார் பிலோமின்ராஜ். பாவம், போஸ்டருக்கென்று கோட் போட்டு ஒரு போட்டோவும் எடுத்து வைத்திருந்தார்.

சாஸம்மா என் பேனாவைப் பிடுங்கி, அச்சான பெயரை அடித்துவிட்டு, அதன் மேல் தன் பெயரைத் தமிழில் எழுதினார். ஆசீர் அதை மொபைலில் படம் பிடித்து அச்சகத்துக்கு அனுப்பினார். மனமில்லையோ என்னவோ, படம் கலங்கலாகத்தான் போனது.

4

கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில், விடிந்ததும் சுவரெல்லாம் அவர் பெயர். (விருது கிடைக்கும்.) மற்றதில், 'சாஸம்மா வழங்கும்' என்று சமரசம். (படம் ஓடும்.) இரண்டையும் நான் எழுதப்போவதில்லை.

அச்சகத்திலிருந்து சகாயநாதன் கூப்பிடுகிறார். "எழுத்து ஒண்ணும் தெரியலீங்க. மெஷின் ரெடியா இருக்கு. என்ன பேரு போடணும், சொல்லுங்க."

ஆசீர் போனை என் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். சாஸம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பதினெட்டு வருடம் இந்த ஊரில் இருந்தாயிற்று, இவர்களில் ஒருவராவது என் பெயரைச் சொல்கிறாரா பார்ப்போம் என்கிற நிற்பு அது.

போனை உங்களிடம் நீட்டுகிறேன். அவர் பெயரை இந்தக் கதையில் ஒரே ஒரு முறைதான் எழுதினேன். பிலோமின்ராஜ் பெயரை, இதோடு சேர்த்து, ஆறு முறை. மேலே போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்.

சீக்கிரம். சகாயநாதன் ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டார். போடுவதற்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.