நாலாம் நம்பர் லேத்தின் வீட்டுக்காரம்மா

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து வந்தது. தவறு என்னுடையதல்ல, ஒரு கைப்பேசியுடையது.

நாட்டு நடப்பைப் பேசும் ஓர் இணையக் குழு. உறுப்பினர் பதினோராயிரம் பேர். விலைவாசி பற்றி யாராவது பதிவு போட்டால் மாலைக்குள் நானூறு பின்னூட்டம் சேரும். முந்நூறு வசை. மீதி நூறில் நானும் இன்னொருவரும் இரண்டு ஆண்டுகளாகச் சண்டை போட்டுவருகிறோம்.

அவர் பெயர் தெரியாது. குழுவில் அவர் ‘நாலாம் நம்பர் லேத்’. இரும்பு கடையும் பட்டறையில் நாலாவது இயந்திரம் அவருடையது என்று ஒருமுறை சொன்னார். நான் ‘எடைக்கல்’.

அவருக்கு விரல்கள் தடித்தவை; திரையில் எழுத்து சிக்காது. அதனால் வாயால் சொல்வார், கைப்பேசி எழுதிக்கொள்ளும். புள்ளி, காற்புள்ளி கிடையாது. ஒரு மாலை அது இப்படி எழுதியது:

“பணவீக்கம் அஞ்சு சதவீதம்னு அரசாங்கம் சொல்றது சுத்தப் பொய் அந்த இடது காலைத் தூக்கித் தலகாணி மேல வைங்க இப்படித் தொங்கப் போட்டா வீக்கம் எப்படி வத்தும் உற்பத்தித் திறன் பத்திப் பேசறவங்க ஒரு நாள் லேத் முன்னாடி நின்னு பாக்கட்டும்”

குழு சிரித்தது. “பணவீக்கத்துக்குத் தலகாணிதான் மருந்தா அண்ணே?” என்று ஒருவர் கேட்டார்.

லேத் பதில் போட்டார்: “அது என் வீட்டுக்காரம்மா பேசினது ஏறிடுச்சு அவங்க சொன்னதும் சரிதான் காலத் தூக்கி வச்சிட்டேன்”

அழிக்கவில்லை. திருத்தவில்லை. அன்று நான் அவருக்கு மறுப்பு எழுதவில்லை.

2

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

[அவள் ஒரு செவிலி. வீக்கத்தை அவள் — ] செவிலி என்று யார் சொன்னது?

[அடுப்படியிலிருந்து அவள் குரல் — ] அடுப்படி என்றும் யாரும் சொல்லவில்லை. கை தானாக எழுதுகிறது. அடித்தேன்.

[பணவீக்கம் என்ற சொல்லை முதலில் எழுதியவருக்குக் கால் வீங்கியிருக்க வேண்டும்.] கெட்டிக்காரத்தனம். அடித்தேன்.

அந்த அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பின்னூட்டங்களில் ஏறியது மட்டும். பதினொரு முறை ஏறியிருக்கிறார். பதினொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு போதும்.

“உற்பத்தித் திறன் கூடினாத்தான் கூலி கூடும்னு மந்திரி சொல்றாரு நான் முன்ன ஒரு ஷிப்டுக்கு எண்பது உருப்படி கடைஞ்சேன் இப்ப நூத்திப்பத்து கூலி எங்க கூடிச்சு கத்தாதீங்க மேல் வீட்டுல குழந்தை தூங்குது மந்திரி வீட்லயா தூங்குது இல்ல மேல் வீட்டுல”

“எடைக்கல் தம்பி நீங்க அரசாங்கத்துக்கு ஜால்ரா அடிக்கிறீங்க அது தம்பி இல்லீங்க பொம்பளைப் பிள்ளை எழுதறதப் பாத்தாத் தெரியல அப்படியா சரி தங்கச்சி நீங்க அரசாங்கத்துக்கு ஜால்ரா அடிக்கிறீங்க”

பதினோராயிரம் பேரில் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாதது அது.*

* எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் தங்கச்சி.

3

நான் ஏன் சண்டை போடுகிறேன் என்று சொல்லாவிட்டால் கதை நொண்டும்.

விலை எழுதுவது என் வேலை. மாதம் இருமுறை அதே பதினாறு கடை, அதே பொருள், அதே அளவு. வாங்குவதில்லை. கேட்டு எழுதிக்கொண்டு வருவேன். அரசு அறிவிக்கும் சதவீதத்தில் என் பதினாறு கடைகளும் எங்கோ ஒரு துளி.

ஆறாவது கடைக்காரர் என்னைக் கண்டதும் ஆரம்பிப்பார்.

“வாங்கம்மா, வாங்காதவங்களே வாங்க.”

“எண்ணெய் ஒரு லிட்டர் எவ்வளவுண்ணே?”

“போன தடவையே எழுதினீங்களே. எழுதினா குறையும்னு பாத்தேன், ஏறிடுச்சு. நீங்க எழுதறத நிறுத்திப் பாருங்களேன்.”

சிரித்துக்கொண்டே எழுதுவேன். ஆனால் எழுதுவது சரியாக இருக்கும். பத்தொன்பது ஆண்டில் ஒரு பைசா பிசகியதில்லை. அந்த எண்ணைப் பொய் என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பொறுக்காது. லேத் சொன்னார். அப்படித்தான் தொடங்கியது.

(அவரும் நான் சொல்வதை ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து சதவீதம் எல்லாப் பொருளுக்குமான சராசரி என்றேன். “நான் சராசரியச் சாப்பிடறதில்ல தங்கச்சி” என்றார். அந்தச் சுற்று அவருடையது.)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் கைப்பேசியிடம் பேசினால் நான் சொன்னது மட்டுமே எழுத்தில் வருகிறது. சோதித்துப் பார்த்தேன்.

4

மூன்று வாரமாக லேத்தின் பின்னூட்டங்கள் சுத்தமாக இருக்கின்றன.

வட்டி விகிதம் பற்றி எட்டு வரி. வேலை நேரத்தைக் கூட்டும் மசோதா பற்றிப் பன்னிரண்டு வரி. நடுவில் ஒரு சொல் கூட அந்நியமாக இல்லை. யாரும் அவரைக் கத்தாதே என்று சொல்லவில்லை. யாரும் காலைப் பற்றிப் பேசவில்லை.

குழுவில் வேறு யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நேராகக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டால் பதில் வந்துவிடும். நானூறு பின்னூட்டத்துக்கு நடுவில், சிரிப்புப் பொம்மைகளுக்குக் கீழே, புள்ளி இல்லாமல் அவர் அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே முடிவுகளை நானே எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அந்த அம்மா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பிரசவம். இரண்டு மாதத்தில் வந்துவிடுவார். [மகள் உண்டா? — ]

முடிவு ஆ: இறந்துவிட்டார். லேத் வெற்று அறையில் உட்கார்ந்து பணவீக்கம் பற்றிக் கைப்பேசியிடம் பேசுகிறார். இதை எழுத ஐந்து நிமிடம்தான் ஆனது. மிக நன்றாக வந்தது. நன்றாக வந்ததாலேயே கிழித்தேன்.

முடிவு இ: யாரோ லேத்துக்குக் காதில் மாட்டும் மைக் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வாய்க்குப் பக்கத்துச் சத்தம் மட்டும் ஏறும். அந்த அம்மா அதே இடத்தில் அதே சத்தத்தில் திட்டிக்கொண்டிருக்கிறார். நமக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதனால்தான் இதை நம்ப முடியவில்லை.

5

இன்று மதியம் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து லேத்தின் புதிய பின்னூட்டத்துக்குக் கீழே எழுதினேன்:

“சமையல் எண்ணெய் விலை போன ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மாதம் அரை லிட்டர் போதும். மக்கள்தான் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள்.”

பொய். மூன்று வாக்கியமும் பொய். எண்ணெய் விலையை இந்தச் செவ்வாய்க்கிழமைதான் நானே எழுதினேன்.

லேத்தைச் சீண்ட இதை எழுதவில்லை. லேத் பொறுத்துக்கொள்வார். அந்த அறையில் அந்த அம்மா இருந்தால், லேத் இதை வாய்விட்டு வாசித்தால், அவர் சும்மா இருக்கமாட்டார். மைக் எங்கே இருந்தாலும் அதில் ஏறும்படி பேசுவார். மாதம் அரை லிட்டர் என்பதற்கு எந்த வீட்டிலும் சும்மா இருக்கமாட்டார்கள்.

பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்த சக ஊழியர் தன் கைப்பேசியிலிருந்து தலை தூக்கினார். அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார். ‘எடைக்கல்’ யார் என்று தெரிந்த ஒரே ஆள்.

“என்னக்கா இது? நீங்கதானே எழுதினது? கணக்கு ஹேக் ஆயிடுச்சா?”

“இல்ல. நான்தான்.”

“மேலிடத்துல பாத்தா வேலைக்கே உலை வச்சிடுவாங்க. முதல்ல அழிங்க.”

“சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்.”

“எதுக்கு?”

[அவரிடம் நான் சொன்னது — ] சொல்லவில்லை. பின்னூட்டத்தில் வந்த ஒரு குரலுக்காக என்று எப்படிச் சொல்வது? கதையாக எழுதினால் சொல்லலாம் என்று தோன்றியது. எழுதத் தொடங்கினேன். இப்போது நீங்கள் வாசிப்பது அதுதான்.

6

ஐந்தரைக்குப் பதில் வந்தது. நீளமான பதில். நீளமானவற்றைத் திரை முழுதாகக் காட்டாது. நாலு வரியில் வெட்டிவிடும். வெட்டிய அளவு இது:

“எடைக்கல் தங்கச்சி உங்ககிட்ட இத எதிர்பாக்கல ரெண்டு வருசமா சண்டை போட்டாலும் நீங்க ஒரு நம்பர் கூடத் தப்பாச் சொன்னதில்ல உடம்புக்கு ஒண்ணும் இல்லையே அரை லிட்டரா யாரு சொன்னா… மேலும் காண்க”

‘அரை லிட்டரா யாரு சொன்னா.’ இதை யார் சொன்னது? எழுத்துக்குக் குரல் இல்லை. லேத் சொல்லியிருக்கலாம். ‘உடம்புக்கு ஒண்ணும் இல்லையே’ என்பதைக்கூட யார் கேட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

‘மேலும் காண்க’வை அழுத்தினால் தெரிந்துவிடும்.

நான் இன்னும் அழுத்தவில்லை. என் கை இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

உங்கள் கை சும்மாதானே இருக்கிறது. கொஞ்சம் அழுத்துங்களேன்.