தையற்காரி மாற்றி வைத்த தெரு

ஏரியை ஒட்டிய அந்தத் தெருவுக்கு வயதாகிவிட்டது என்பது ஊருக்கே தெரியும். மண்ணுக்கடியில் குழாய்களெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன. ஒரு மழை அடித்தால் போதும், ஏரி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நடைபாதை என்று பெயருக்கு ஒன்று இருந்தது. அதில் ஒருமுறையாவது கால் பிசகாதவர் தெருவில் இல்லை. கடைசியில் மாநகராட்சி மனமிரங்கி, தெருவையே பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போடுவதென்று முடிவு செய்தது. அந்த வேலைக்கு வந்த பெண் இன்ஜினியர் தெரு முழுவதையும் அட்டையிலும் தெர்மாகோலிலும் சின்னதாகச் செய்து, நூலகக் கூடத்தில் ஒரு மேசைமேல் பரப்பி வைத்தார்.

"ஒரு வாரம் இங்கயே இருக்கும். வந்து பாருங்க, மனசுல பட்டதச் சொல்லுங்க" என்றார்.

தையற்காரி முதல் ஆளாகப் போய் நின்றாள். தன் கடையைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது, மறுகணமே சுருங்கியது. கடை வாசலை அடைத்துக்கொண்டு நீல நிறத்தில் ஒரு பெட்டி. அவள் நின்ற பக்கத்திலிருந்து வெறும் சுவர்தான் தெரிந்தது. பெயர் எழுதி ஒட்டியிருந்த சீட்டும் எங்கோ உதிர்ந்துபோயிருந்தது.

"இது என்னங்க?" என்று நூலகக் காவலாளியைக் கேட்டாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "ஜன்னலே காணோமே. கக்கூஸாத்தான் இருக்கும்."

அவளுக்கு வயிறு எரிந்தது. ஏரிக்குக் காற்று வாங்க வருகிறவர்களுக்கு அது வேண்டியதுதான், யார் இல்லையென்றார்கள்? அதற்காகத் தன் வாசலா கிடைத்தது? நாலு வீடு தள்ளி நாத்தனார் வீடு. அதன் முன்னால் எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது! அந்த நாத்தனார்தான் போன மாதம் சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில், "அண்ணி தெச்ச சட்டையப் போட்டா மூச்சு விடக்கூட இடமிருக்காது" என்று சொல்லிச் சிரித்தவள்.

காவலாளி டீ குடிக்கப் போனார். நீலப் பெட்டி நாத்தனார் வாசலுக்குக் குடிபோனது.

அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாள். ஏரிக்கரையோரம் சிவப்புக் கூரையும் பூந்தொட்டியுமாகப் பொம்மை வீடுபோல ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. பழச்சாறுக் கடையாக இருக்கும், கூட்டம் வரும் என்று நினைத்தாள். அதைத் தூக்கித் தன் வாசலில் வைத்து, கூரையை ஒருமுறை ஊதித் தூசியும் துடைத்தாள்.

வாரக் கடைசியில் கூட்டம். அவளுடைய கணவர் மனைவிக்கும் தங்கைக்கும் சரியாக நடுவிலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இன்ஜினியர் ஒரு குச்சியோடு எழுந்து நின்றார்.

"இந்தத் தெருவுக்கு முதல் தடவையா பஸ் வரப்போகுது. இந்த நீலக் கலர்தான் பஸ் ஸ்டாப்."

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தையற்காரி நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"அப்புறம் இந்தச் சிவப்புக் கூரை. பொதுக் கழிப்பறை. யாரும் தன் வாசல்ல வேணும்னு கேக்க மாட்டாங்கன்னு ஏரியோரமா வெச்சிருந்தேன். யாரோ பெரிய மனசு பண்ணித் தையக்கடை வாசல்ல கொண்டுவந்து வெச்சிருக்காங்க. அவங்களுக்கு நாம எல்லாரும் கைதட்டணும்."

கூடம் அதிரக் கைதட்டல். எல்லாரையும்விட ஓங்கித் தட்டியது நாத்தனார். "ஏன் அண்ணி, நீங்க தட்டலையா?"

"மேடம், இது முதல்ல அந்த இடத்துல இல்ல!" தையற்காரி எழுந்தேவிட்டாள். "பஸ் ஸ்டாப்தான் என் கடை வாசல்ல இருந்துச்சு."

"அது எப்படி அண்ணி உங்களுக்குத் தெரியும்?" நாத்தனாரின் குரலில் தேன் ஒழுகியது.

கணவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"நான்தான் மாத்தி வெச்சேன், போதுமா?" என்றாள் தையற்காரி. காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

சிரிப்பு அடங்கும்வரை இன்ஜினியர் பொறுத்திருந்தார். "நீங்க ஒருத்தர்தான் வாயால ஒத்துக்கிட்டீங்க. சலூன்காரர் வாசல்ல மூணு மரம் முளைச்சிருக்கு. நேத்து யாரோ ஏரியவே கொஞ்சம் தள்ளி வெச்சிருந்தாங்க."

சலூன்காரர் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார்.

கழிப்பறை ஏரியோரத்துக்கே திரும்பியது. தையற்காரி நீலப் பெட்டிக்கும் கை நீட்டினாள். இன்ஜினியர் தலையசைத்து மறுத்தார். "பஸ் ஒதுங்கி நிக்க அங்கதான் இடம் அதிகம். எனக்கே தோணல. நீங்க மாத்தினது நல்லதாப் போச்சு."

அந்தப் பாராட்டைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தெரு ஒரு வருடம் குழியும் புழுதியுமாகக் கிடந்து, ஒருவழியாகப் பளபளவென்று எழுந்தது. முதல் பஸ் வந்த அன்றே தையற்காரி கழுத்தில் அளவு நாடாவோடு நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். காத்திருந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்து, பஸ் வருவதற்குள் தோளும் கையும் அளந்துவிட்டாள்.

நாத்தனார் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "என் வாசல்ல உக்காந்து வியாபாரமா அண்ணி? வாடகை என்ன தருவீங்க?"

"மாசம் ஒரு சட்டை தெச்சுத் தரேன். போதுமா?"

நாத்தனார் அருகில் வந்து கைகளை அகல விரித்து நின்றாள். "சரி, அளவெடுங்க. இந்தத் தடவையாவது மூச்சு விட இடம் விடுங்க."

"மூச்சுக்குத் தனிக் கூலி" என்று தையற்காரி நாடாவை உருவினாள்.