ஆகாச எருமையும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் கணவர், அவருடைய எருமை.

எருமை கைப்பேசிக்குள் இருக்கிறது, அதற்கு இறக்கையும் உண்டு. கோட்டை விளையாட்டு ஒன்றில் ‘ஆகாச எருமை’ என்று ஒரு கார்டு. எட்டு கார்டு சேர்ந்தால் ஒரு டெக், நொடிக்கு நொடி சேருகிற சக்தியைச் செலவழித்து அவற்றை இறக்கி எதிராளியின் கோபுரத்தை இடித்தால் வெற்றி. எருமை ஆடி அசைந்து பறந்து போகும். விழுகிற அடியையெல்லாம் மழையில் நிற்கிற மாடு மாதிரி வாங்கிக்கொள்ளும். எதிரிகள் அதையே சுட்டுக்கொண்டிருக்க, பின்னால் வருகிற வௌவால்களும் நெருப்புக் கழுகும் சந்தில் சிந்து பாடிக் கோபுரத்தை இடித்துவிடும். இதை அவர் எனக்கு விளக்கிய நேரத்தில் ஒருத்தி டாக்டருக்கே படித்து முடித்திருக்கலாம்.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். ஓட்டல், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வரும். அவர் கீழே துவைக்கிற மெஷினில், நான் மாடியில் இஸ்திரி போடுகிற இடத்தில். அவருக்கு வியாழக்கிழமை லீவு, எனக்குச் செவ்வாய்க்கிழமை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஒரு முழு நாள் சேர்ந்து இருந்ததில்லை. மாற்றிக் கேட்டால் மேனேஜர், “உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வரிசையில நிப்பாங்க” என்பார்.

அந்த மகானுக்கே ஒருநாள் ஊழியர் ஒற்றுமையின் மேல் அக்கறை வந்தது. இந்த விளையாட்டில் ஜோடிப் போட்டி வைத்தார். ஜெயிக்கிற ஜோடி தங்கள் லீவு நாளைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சம்பளத்தைக் கூட்டுவதைவிட இது மலிவு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பரிசு வேண்டியிருந்தது. பைத்தியம் மாதிரி வேண்டியிருந்தது.

கணவர் அன்றைக்கே தன் டெக்கை அடுக்கினார். கூடவே என் டெக்கையும் அடுக்கினார், நான் கேட்காமலே. அவர் எருமையை விடுவார். என்னிடம் இருக்கிற எட்டும் எருமைக்குப் பரிவாரம்.

“தரையில வர்றவங்களைத் தடுக்க ஒண்ணுகூட இல்லையேங்க?”

“பறக்குறவனுக்குத் தரையில என்ன வேலை?”

“நம்ம கோபுரம் தரையிலதானே இருக்கு?”

“நீ எருமை பின்னாலேயே வா. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

நான் ஒரு காவல்காரக் கரடியை நைசாக உள்ளே வைத்தேன். காலையில் பார்த்தால் அந்த இடத்தில் இன்னொரு வௌவால் கூட்டம்.

முதல் சுற்றுகளில் ஜெயித்தோம். வாஸ்தவத்தில், எதிரில் வந்தவர்களிடம் மேலே பார்த்துச் சுடுகிற கார்டே இல்லை. அதைத் தன் மூளையின் வெற்றி என்று கணவர் சலவைக்கூடம் முழுக்கச் சொல்லி முடித்தார். கரடி இருந்திருந்தால் கெட்டுப்போயிருக்குமாம்.

இறுதிச் சுற்றில் எங்களுக்கு எதிராக மடிப்புப் பிரிவில் வேலை பார்க்கிற மாமியாரும் மருமகளும். ஒரே வீடு, ஒரே பிரிவு, லீவும் ஒரே செவ்வாய்க்கிழமை. இவர்களைப் போல ஒற்றுமை உண்டா என்று எல்லோரும் மெச்சுவோம். ஆட்டத்துக்கு முன்னால் மருமகள் என் காதோரம் வந்தாள்.

“ஜெயிச்சா என்ன கேப்பீங்கக்கா?”

“ரெண்டு பேருக்கும் ஒரே நாள் லீவு.”

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “நாங்க வேற வேற நாள் கேக்கப்போறோம். இங்கயும் அத்தை, வீட்டுலயும் அத்தை. லீவு அன்னைக்காவது மூச்சு விடணும்ல?”

“அவங்க ஒத்துக்கிட்டாங்களா?”

“அவங்கதான் முதல்ல சொன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.”

பிரிவதற்காக அவர்கள் விளையாடிய விளையாட்டைப் பார்க்க வேண்டுமே. மாமியார் மலிவான ஆட்டுக்கிடாக்களை விடுவார், மருமகள் அவற்றுக்கு முன்னால் ஒரு கவசக்காரனை நிறுத்துவாள். பேச்சே கிடையாது, கண் ஜாடைதான். எங்கள் பக்கத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. “பொறு, பொறு, சக்தி சேரட்டும்” என்று கணவர் பொறுத்தார். எருமைக்கு அவ்வளவு சக்தி வேண்டும். கடைசியில் அது கிளம்பியது, அதன் பின்னால் நான் வௌவால்களை அனுப்பினேன். இரண்டு கோட்டைக்கும் நடுவில் ஓடுகிற ஆற்றில் எருமை மேலே போக, ஆட்டுக்கிடாக்கள் கீழே வந்தன. எருமை கோபுரத்தைத் தவிர எதையும் பார்க்காது. ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல், சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி கடந்து போயின. நெருப்புக் கழுகுக்கு என்னிடம் சக்தி மிச்சமில்லை. எருமை அவர்கள் கோபுரத்தில் முதல் முட்டு முட்டுவதற்குள் எங்கள் கோபுரம் மண்ணோடு மண்ணாகியிருந்தது.

“நீ கழுகைக் கொஞ்சம் முன்னாடி விட்டிருந்தா” என்று கணவர் ஆரம்பித்தார்.

மேனேஜர் கைதட்டிவிட்டு மாமியாரிடம் நாளைக் கேட்டார். “எனக்கு வியாழக்கிழமை குடுங்க சார். மருமக செவ்வாய்லயே இருக்கட்டும்” என்றார் அவர்.

“அப்ப வியாழக்கிழமை ஆள் ஒருத்தர் செவ்வாய்க்கு வரணுமே” என்று மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். பார்வை என் கணவரிடம் வந்து நின்றது. “நீ வர்றியாப்பா?”

என் லீவும் அதே செவ்வாய்தான். தோற்றதால் கிடைக்கிறது, கிடைக்கட்டுமே.

“வேணாம் சார்” என்றார் என் வீட்டுக்காரர், தலையை நிமிர்த்திக்கொண்டு. “தோத்துட்டு எடுத்துக்க மாட்டேன். அடுத்த தடவை ஜெயிச்சே வாங்கிக்கறோம்.”

“சார், அவர் வர்றார். எழுதிக்கோங்க” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். “எல்லார் முன்னாடியும் என்ன இது? தோத்துட்டுக் கை நீட்டுறது அசிங்கமா இல்லையா?”

“ஊர்ல இருக்கறவங்க படுத்த துணியையெல்லாம் நாம சேர்ந்து வெளுக்கறோம். நாம ரெண்டு பேரும் ஒரு பகல் சேர்ந்து உக்காந்து சாப்பிட்டதில்ல. எனக்கு இதுதாங்க அசிங்கமா இருக்கு.”

கணவர் கைப்பேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டார். “எழுதிக்கோங்க சார்” என்றார், மேனேஜருக்கே காதில் விழாத குரலில்.

படியிறங்கும்போது என் பக்கத்தில் வந்தார். “செவ்வாய்க்கிழமை என்ன பண்ணலாம்?” என்று கேட்டார்.

இரண்டு வருஷமாக அந்த நாளை எப்படி வாங்குவது என்றே யோசித்திருக்கிறேன். வாங்கி என்ன செய்வது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.