மேதகுவின் வலக்கைத் தட்டு

ஆளுநர் மாளிகையில் அறுபத்திரண்டு அறைகள். ஆள் புழங்குவது ஒன்பதில். மீதி ஐம்பத்து மூன்றில் தூசி குடியிருக்கிறது. அதை வாரம் இரண்டு முறை காலி செய்வது அத்தையும் நானும். அத்தை பத்தொன்பது வருடமாகத் தற்காலிகப் பணியாளர். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்தவள், தற்காலிகத்துக்கும் தற்காலிகம்.

மாடிப்படிச் சுவரில் இதுவரை இருந்த ஆளுநர்கள் எல்லோரும் சட்டத்துக்குள் தொங்குகிறார்கள். கீழேயிருந்து முதல் ஏழு பேர் கடல் தாண்டி ஒரு ராஜா அனுப்பியவர்கள். இடுப்பில் வாள், காலடியில் செத்த மான். நினைத்தால் வரி போடலாம், நினைத்தால் ஆளைத் தூக்கில் போடலாம். எட்டாவது ஆளிலிருந்து நாடு நம்முடையது. வாள் போயிற்று, மான் போயிற்று, வீடு மட்டும் போகவில்லை. இப்போது தலைநகரத்திலிருந்து அனுப்புகிறார்கள். தேர்தலில் தோற்றவர், தோற்பார் என்று தெரிந்ததால் நிற்கவே விடப்படாதவர், கட்சியில் ரொம்பப் பேசியவர். சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பும் மசோதாவில் கையெழுத்துப் போடுவது இவர்களுடைய வேலை. கையெழுத்து விழாதவரை அது வெறும் காகிதம்.

இப்போதிருப்பவரை நாங்கள் மேதகு என்போம். பெயர்ப்பலகையில் முதலில் இருப்பது அந்தச் சொல்தான். அதற்கு மேல் படிக்க அத்தைக்குப் பொறுமை கிடையாது.

மேதகு கெட்டவர் இல்லை. காலையில் ரோஜாத் தோட்டத்தில் நடப்பார், பிறகு எதையாவது திறந்து வைக்கப் போவார், மதியம் சாய்வு நாற்காலி. கோப்புதான் அவருக்கு ஆகாது. பதினான்கு மசோதாக்கள் அவர் மேஜையில் கிடந்தன. மேலிருந்து ஆறாவது எங்களுடையது. பத்து வருடத்துக்கு மேல் தற்காலிகமாக இருப்பவர்களை நிரந்தரமாக்கும் மசோதா. அது வந்து பதினோரு மாதம். அத்தைக்கு இந்த மாதம் முப்பதாம் தேதி அறுபது முடிகிறது. அதற்குள் கையெழுத்து விழுந்தால் நிரந்தரம், சாகும்வரை ஓய்வூதியம். விழாவிட்டால் ஒன்றாம் தேதி வாசல் காவலரே "இனிமே வராதீங்கம்மா" என்று சொல்லிவிடுவார். ஆக, அத்தை தினமும் தன் தலையெழுத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆறாவதை எடுத்து மேல வெச்சா என்ன அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெச்சு எடுத்தாச்சுடி, போன மாசம். அவர் அதுமேல கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டுத் தூங்கிட்டார்."

மேஜையில் இரண்டு மரத் தட்டுகள். மேதகு உட்கார்ந்தால் அவருடைய இடக்கைப் பக்கம் இருப்பது, பார்க்க வேண்டியவை. வலக்கைப் பக்கம் இருப்பது, திருப்பி அனுப்ப வேண்டியவை. தட்டில் எதையும் எழுதி ஒட்டக் கூடாது, புகைப்படத்தில் அசிங்கமாகத் தெரியுமாம். இடக்கைத் தட்டு பிதுங்கும். வலக்கைத் தட்டு எப்போதும் காலி.

இன்னொரு விதியும் உண்டு. ஆளுநரின் நாற்காலிக்குப் பின்னால் டவாலிச் சேவகரைத் தவிர யாரும் போகக் கூடாது. வாள் வைத்திருந்தவர்கள் யாராவது முதுகில் குத்திவிடுவார்கள் என்று பயந்து போட்ட விதி. மேதகுவைக் குத்த யாருக்கும் நேரமில்லை, ஆனாலும் விதி இருக்கிறது. அதனால் நாங்கள் பார்வையாளர் பக்கம் நின்றுதான் மேஜையைத் துடைப்போம். சனிக்கிழமைகளில் தட்டுகளைக் கீழே இறக்கி, எண்ணெய் போட்டு மெருகேற்றி, திரும்ப வைப்போம். கனமான தட்டு நம் வலக்கைப் பக்கம், காலித் தட்டு நம் இடக்கைப் பக்கம். அவ்வளவுதான் எங்கள் பாடம்.

அந்தச் சனிக்கிழமை நாற்காலி பிரம்பு பின்ன வெளியே போயிருந்தது. நாற்காலியே இல்லாதபோது அதற்குப் பின்பக்கம் ஏது? தாராளமாக அந்தப் பக்கம் போய் ஜன்னல் வெளிச்சத்தில் மேஜையைத் தேய்த்தேன். முடித்ததும் அங்கேயே நின்றபடி கனமானதை என் வலக்கைப் பக்கம் வைத்தேன். அத்தை மாடிப்படியில் ஏழாவது ஆளுநரின் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு வலக்கைத் தட்டை எடுத்துப்போவது டவாலி மாமாவின் முப்பது வருட வழக்கம். மார்பில் குறுக்கே போகும் சிவப்புப் பட்டைக்குத்தான் டவாலி என்று பெயர், அது அவருக்கும் பெயராகிவிட்டது. மேதகு அன்று வெளியூரில் மலர்க் கண்காட்சியைத் திறந்துகொண்டிருந்தார். மாமா தட்டைக் கொண்டுபோய் அனுப்பும் பிரிவில் இறக்கினார். 'மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது' என்று அச்சடித்து, மேதகுவின் கையெழுத்து முத்திரையும் குத்திய கடிதங்கள் அங்கே அலமாரி நிறையத் தயாராக இருந்தன. கோப்புக்கு ஒன்றாகச் செருகி மத்தியானத்துக்குள் பதினான்கையும் சட்டமன்றம் சேர்த்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். ஒரே நாளில் பதினான்கு மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார் ஆளுநர்.

அத்தை பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். "ஆறாவதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தட்டை மாற்றி வைத்தது நான். குளியலறைக்குப் போய்ப் பித்தளைக் குழாயை ஒரு மணி நேரம் தேய்த்தேன். அது பளபளத்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை மேதகு திரும்பினார். செயலர் எங்களை அறைக்கு அழைத்து வரிசையாக நிறுத்தினார்.

"தட்டை மாத்தி வெச்சது யாரு?"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மெருகு என் வேலைங்க. நான்தான்."

"இல்லீங்க, நான்" என்றேன். "அந்தப் பக்கம் நின்னு வெச்சுட்டேன்."

"எந்தப் பக்கம்?" என்று மேதகு கேட்டார்.

"உங்க பக்கம்."

"என் பக்கம் யாரு போகச் சொன்னா?"

"நாற்காலி இல்லீங்களே."

மேதகு புதுப் பிரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"விசாரணை வெச்சு, ரெண்டு பேரையும் இன்னைக்கே அனுப்பிடலாம்" என்றார் செயலர்.

டவாலி மாமா தொண்டையைச் செருமினார். "விசாரணைன்னா கோப்புப் போடணுமுங்க. முதல் வரி என்னன்னு சொல்லிட்டீங்கன்னா நல்லது. 'மேதகு ஆளுநர் இந்தப் பதினாலையும் திருப்பி அனுப்பவே இல்ல, பதினோரு மாசமா ஒண்ணுமே பண்ணல'ன்னு எழுதலாங்களா?"

மேதகு மேஜைமேல் இருந்த பத்திரிகைகளைப் புரட்டினார். ஒன்று அவரை முதுகெலும்புள்ள ஆளுநர் என்றிருந்தது, இன்னொன்று சர்வாதிகாரி என்றிருந்தது. பதவிக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவரை ஒன்றுமே சொன்னதில்லை. இரண்டையும் கத்தரித்து வைக்கும்படி செயலரிடம் நீட்டினார்.

"நான் நல்லா யோசிச்சுத்தான் அனுப்பினேன்" என்றார்.

வெளியே வந்ததும் அத்தை என் கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "வருஷம் பூரா தொறக்காத வாய இங்க வந்தா தொறப்பே?"

"என்னால எல்லாம் போச்சு அத்தை."

"என்ன போச்சு?" என்றார் டவாலி மாமா. "கிடப்புல கிடந்தாத்தான் போச்சு. அவர் வெச்சுக்கிட்டு உக்காந்தா ஒரு பயலும் அசைக்க முடியாது. திருப்பி அனுப்பிட்டா சட்டமன்றம் மறுபடி கை தூக்கும். ரெண்டாவது தடவை வந்தா அவர் கையெழுத்துப் போட்டே ஆகணும். சட்டம் அப்படி."

"இது அவருக்குத் தெரியுமா?" என்று அத்தை கேட்டாள்.

"தெரிஞ்சிருந்தா யோசிச்சுத்தான் அனுப்பினேன்னு சொல்லியிருப்பாரா?"

அடுத்த புதன்கிழமை சட்டமன்றம் பதினான்கையும் இருபத்திரண்டு நிமிடத்தில் மறுபடி நிறைவேற்றியது. கோப்புகள் திரும்பி வந்து பழைய இடத்திலேயே படுத்தன. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். அத்தை துடைத்தாள்.

"போடணும்னு இருக்கு. எப்பன்னு எழுதாம விட்டுட்டாங்க" என்று டவாலி மாமா தலையைச் சொறிந்தார்.

ஆனால் ஒன்று மாறியிருந்தது. முன்பு அந்தக் கோப்புகள் கிடப்பது எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது ஊருக்கே தெரியும். ரோஜாத் தோட்ட வேலிக்கு வெளியே விடிந்ததும் கேமராக்காரர்கள் வந்து நின்றார்கள். மேதகு ஒரு பூவை முகர்ந்தால் "கையெழுத்து எப்போ சார்?" என்று குரல் வரும். நான்கு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள், இருபத்தோராம் தேதி, புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு கேமராக்காரர்களையே உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

நாங்கள் துடைக்கும் துணியோடு கதவோரம் நின்றோம். முதல் ஐந்தில் மளமளவென்று போட்டார். ஆறாவதில் பேனா நின்றது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த இடம் மறுநாளும் வலித்தது.

"இது என்ன?" என்று செயலரைக் கேட்டார்.

"தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக்குறதுங்க."

"நல்ல மசோதாவாச்சே. இவ்வளவு நாளா யாரு வெச்சிருந்தா?"

செயலர் கூரையைப் பார்த்தார். மேதகு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை நான் கிளம்பி நிற்கிறேன், அத்தை போர்வையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு லீவு" என்றாள்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நிரந்தரத்துக்கு லீவு உண்டாமே. ஒன்பது நாள்தான் இருக்கு, ஒண்ணாவது எடுத்துப் பாக்கறேன். உக்காந்து கடுதாசி எழுது."

"என்ன காரணம்னு எழுதறது?"

"உடம்பு நல்லா இருக்கு, அதனால வரலைன்னு எழுது."

அப்படியே எழுதினேன். அத்தை எழுந்து சுவரில் சாய்ந்து, கடுதாசியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அப்பா பெயரோடு தன் முழுப் பெயரையும் கால் மணி நேரம் எடுத்துக் கையெழுத்தாகப் போட்டாள். பிறகு திரும்பப் படுத்துக்கொண்டாள்.