ஒற்றைக் கோடு

அண்ணன் அவளை யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், “தங்கச்சி உதிரிபாக வியாபாரம் பண்றா” என்றுதான் சொல்வான். பதினோரு வருடமாக அவனுடைய பழைய காரை ஓட வைத்துக்கொண்டிருந்தவள் அவள். ரேடியேட்டரை மூன்று முறை மாற்றியிருக்கிறாள், கிளட்சை இரண்டு முறை. கதவுக் கைப்பிடிகளுக்குக் கணக்கே இல்லை. ஆனாலும் தங்கை வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்கிறவள் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. போன மாதம் அந்தக் கார் கியர் விழாமல் நடுச்சாலையில் நின்றுவிட்டது. “உசுரு மட்டும்தான் இல்ல, மத்ததெல்லாம் மாத்தியாச்சுண்ணா. இனிமே வேற வண்டி பாரு” என்று அவளே கைவிரித்துவிட்டாள்.

அதனால்தான் இன்று மேட்டின் உச்சியில் இருந்த பழைய கார் விற்கும் இடத்துக்கு அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஆறு வயது மகளோடு அவளும் வந்திருந்தாள். தரகர் கை நீட்டியபோது அண்ணன் சொன்னான்:

“இது என் தங்கச்சி. மெக்கானிக். இவ சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன்.”

கிரீஸ் ஏறிக் கறுத்த நகங்களைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டிருந்தவள், கைகளை மெல்ல வெளியே எடுத்தாள்.

“மெக்கானிக்கா? அப்ப நான் பொய் சொல்ல வழியில்லையே!” என்று தரகர் பெரிதாகச் சிரித்தார். சாம்பல் நீல நிறக் கார் ஒன்றைத் தட்டிக்கொடுத்தார். “ஒரே கை ஓட்டின வண்டிங்க, ஒரே ஓனர்.”

“ஒரே கையா? இன்னொரு கைக்கு என்ன ஆச்சு?” என்றாள் அண்ணி. அவளுக்குத் தரகர்களைக் கண்டாலே ஆகாது.

தங்கை வேலையைத் தொடங்கினாள். என்ஜின் ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தாள். வண்டியை உறுமவிட்டுப் புகையின் நிறம் பார்த்தாள். தரைவிரிப்பைத் தூக்கி, தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று தேடினாள். ஒரு குறையும் தென்படவில்லை.

“என்ஜின் நல்லா இருக்குண்ணா.”

அண்ணனின் முகம் மலர்ந்தது. மகள் அதற்குள் பின்சீட்டில் ஏறி ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கத் தொடங்கிவிட்டாள். தங்கை கைபேசி விளக்கைப் போட்டு, இடப்பக்கப் பின்சக்கரத்தின் உட்புறம் குனிந்து பார்த்தாள்.

பிரேக் குழாய் சக்கரத்தோடு சேரும் மூட்டில், ஊதா நிறத்தில் ஒரு கோடு.

எந்த மரையை முடுக்கினாலும் அதன் மேல் நகப்பூச்சால் கோடு போடுவது அவள் வழக்கம். மரை தளர்ந்தால் கோடு உடையும், கண்ணுக்குத் தெரியும். யாரும் வாங்காத ஊதா நிறத்தில் ஒரு பெட்டி மலிவாகக் கிடைத்ததிலிருந்து அதுவே அவளுடைய முத்திரை. வேலை முடிந்தால் இரண்டு கோடு. ஒப்பேற்றி மட்டும் விட்டிருந்தால் ஒன்று.

இது ஒன்று.

எட்டு மாதம் முன்பு, கொட்டும் மழையில் அவள் பட்டறைக்கு வந்த வெள்ளை வாடகைக் கார்தான் இது. ஓட்டுநர் தன் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த மருத்துவமனைக்குப் போகிற அவசரத்தில் இருந்தான். பின் பிரேக் குழாய் ஒழுகியது. மாற்றுக் குழாய் கையில் இல்லை. குழாயின் வாயில் ஒரு இரும்புக் குண்டை வைத்து அடைத்து முடுக்கினாள். மூன்று சக்கரத்தில் பிரேக் பிடிக்கும், மெதுவாகப் போங்கள், நாளைக்கு வாருங்கள் என்றாள். நாளைக்கு அவன் வரவில்லை. அவன் எண் அவளிடம் இருந்தது. அவளும் கூப்பிடவில்லை.

வெள்ளைக்கு மேல் நீலம் பூசியிருக்கிறார்கள். ஒரே கையாம்.

அவள் எழுந்தாள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். ‘இது நான் செஞ்ச வேலை.’ ஆனால் ‘என் தங்கச்சி, மெக்கானிக்’ என்று அவன் சொல்லிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

“வேணாம்ண்ணா. வேற பாக்கலாம்.”

“ஏன்?”

“கலர் சரியில்ல. அழுக்கு தெரியும்.”

“நாம என்ன பொண்ணா பாக்கறோம், நெறம் பாக்க?” அண்ணன் சிரித்தான். “என்ஜின் நல்லா இருக்குன்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன். ஆனா...”

“ஓட்டிப் பாத்துட்டு வாங்க சார், அப்புறம் பேசுவோம்” என்று தரகர் சாவியை அவன் கையில் வைத்தார்.

“பாப்பா, நீ இறங்கு. இங்கயே நிப்போம்” என்றாள் அவள்.

“மாட்டேன் அத்தை!”

“ஏசி குளிருதான்னு நானும் பாக்கணும்ல?” என்று அண்ணியும் ஏறினாள்.

மூன்று சக்கரம் பிடிக்கும், எட்டு மாதம் ஓடியிருக்கிறது, மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. இப்படித் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அவள் முன்சீட்டில் ஏறினாள். கார் இறக்கத்தில் இறங்கியது.

“மெதுவாண்ணா.”

“மாட்டு வண்டியா ஓட்டறேன்?”

“முன்னாடி லாரி நிக்குது. இப்பவே பிரேக் போடு.”

“தூரமா இருக்குடி. எனக்கு ஓட்டக் கத்துக் குடுக்கறியா?”

நின்றிருந்தது தண்ணீர் லாரி. அதன் குழாயிலிருந்து ஒழுகிய தண்ணீர் சாலை முழுவதும் பரவியிருந்தது. அண்ணன் ஈரத்துக்கு வந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தான். காரின் மூக்கு சட்டென்று வலப்பக்கம் இழுத்தது. வால் சுழன்றது. எதிர்ப்பாதையில் வந்த பேருந்தின் ஹாரன் அடங்காமல் அலறியது. அண்ணி மகளை இழுத்து மடியில் புதைத்துக்கொண்டாள்.

“பிரேக்க விடு! விட்டு விட்டு மிதி! விட்டு விட்டு!” என்று தங்கை கத்தினாள்.

காலை எடுத்தான், மிதித்தான், எடுத்தான். கார் குறுக்காக நின்றது. பேருந்தின் முன்கண்ணாடி தங்கையின் பக்க ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பேருந்து ஓட்டுநர் அண்ணனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டியது, கண்ணாடியைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

காரை ஓரங்கட்டி இறங்கிய அண்ணன் கதவை ஓங்கி அறைந்தான். “பிரேக்குல என்னமோ இருக்கு. அந்தத் தரகனை...”

“தரகர் இல்லண்ணா.” இந்த முறை அவள் நிறுத்தவில்லை. “அந்தக் குழாயை அடைச்சது நான். என் கோடு அதுல இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்.”

அண்ணி மகளோடு பின்கதவைத் திறந்து இறங்கினாள்.

“பாத்துட்டா என் பொண்ணை ஏத்தினே?” என்றாள் அண்ணி. குரல் உயரவே இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். தங்கை கூப்பிட்டும் திரும்பவில்லை.

அண்ணன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தான். “கலராம், கலர்” என்று முனகினான். பிறகு நிமிர்ந்து, “ஏன்டி சொல்லல?” என்றான்.

“நீ இன்னிக்குத்தான் என்னை மெக்கானிக்னு சொன்னே.”

அண்ணன் ஈரச் சாலையில் கறுப்பாக வளைந்து கிடந்த டயர்த் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்த மாதிரி ஒத்தக் கோடு போட்டு இன்னும் எத்தனை வண்டி ஓடுது?”

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. விரல் விட்டு எண்ணினாள். “நாலு. அஞ்சாவும் இருக்கலாம்.”

“நம்பர் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப என் மூஞ்சிய என்ன பாக்கறே? கூப்பிடு.”

அவனிடமிருந்து ஓரடி தள்ளி அவளும் உட்கார்ந்து, முதல் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில் எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள். பின்னால் வண்டி ஓடும் இரைச்சல் கேட்டது.

“யாருங்க?”

“மெக்கானிக் பேசறேங்க. முதல்ல வண்டியை ஓரமா நிறுத்துங்க. அதுல என் வேலை ஒண்ணு பாக்கி இருக்கு.”