எட்டு வாஷர்

என் தம்பி ஞானஸ்நானம் எடுக்கப்போகிறான் என்று போதகர் ஆராதனை முடிவில் அறிவித்தபோது சபையே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் ஒன்றும் இல்லை.

ஒன்பது வருடம் அவன் எங்கே இருந்தான் என்று எங்களுக்குத் தெரியாது. குடிக்கிறான், வேலை மாற்றிக்கொண்டே இருக்கிறான் என்று காதில் விழுந்ததோடு சரி. அப்பா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தது நான், துடைத்து உடை மாற்றியது நான், கரண்டியால் ஊட்டியது நான். வாசலில் சத்தம் கேட்டால் அவர் கேட்டது ஒன்றுதான்: "சின்னவன் வந்துட்டானா?" என் கரண்டி அவர் வாய்க்கு அருகில் இருக்கும்போதே கேட்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

போன வருடம் ஒரு பையோடு வந்து நின்றான். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் குழாய்ச் சாமான்கள் கிடந்த அறையைக் காலி செய்து கட்டில் போட்டுக் கொடுத்தாள். அவன் குடியை விட்டான், ஒரு அச்சகத்தில் சேர்ந்தான், சபையின் புதன்கிழமை வேத வகுப்புக்குத் தவறாமல் போனான். பத்தே மாதத்தில் சபை அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. தன் பழைய வாழ்க்கையைச் சபை முன் சாட்சியாகச் சொல்ல எழுந்தால் அவன் அழுவான், கூடவே நாலு பேர் அழுவார்கள். நான் எழுந்து என்ன சொல்வது? குடித்ததும் இல்லை, ஓடியதும் இல்லை. நல்லவனாக இருந்தவனுக்குச் சொல்லிக்கொள்ளக் கதையே கிடையாது.

நான் குழாய் வேலை செய்கிறவன். ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டி என் பொறுப்பு. பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் கீழே தொட்டி. விரிசல் அடைப்பது, தேய்ப்பது, நிரப்புவது, வடிப்பது எல்லாம் இருபது வருடமாக நான்தான். அங்கே முழுகி எழுந்தவர்கள் எல்லாரையும்விட அதற்குள் அதிக நேரம் நின்றவன் நான், கையில் பிரஷ்ஷோடு.

என் ஞானஸ்நானம் பதினைந்து வயதில் நடந்தது. அன்று ஒன்பது பேர், ஆலயத்தில் இருந்த அங்கியோ மூன்று. எனக்கு வந்தது இன்னொருவன் கழற்றிப் பிழிந்து தந்தது. முழுகும்போது மூக்கில் தண்ணீர் ஏறியது. எழுந்ததும் நான் நினைத்தது பசியைப் பற்றி. அம்மா வரவில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல்.

இப்போது அந்தச் சின்னவனுக்கு அம்மா தன் கையாலேயே அங்கி தைத்தாள். அவளுக்கு ஒரு கண்ணில் புரை. என் மனைவி நூல் கோத்துக் கொடுப்பாள், அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து விரலால் தடவித் தடவித் தைப்பாள். முப்பத்தாறு வயதுத் தடியனுக்கு மூன்று வாரத் தையல். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"பெரியவனே, கீழ் மடிப்புல வெச்சுத் தைக்கக் கனமா ஏதாவது குடு. இல்லேன்னா தண்ணியில துணி மேல வந்துடும்."

அது உண்மைதான். விளிம்பில் கனம் இல்லாவிட்டால், தொட்டியில் இறங்கியதும் காற்று புகுந்து அங்கி குடைபோல விரிந்துகொள்ளும். பித்தளை வாஷர் எட்டு போதும், துருப்பிடிக்காது. என் கை பித்தளை டப்பாவுக்குத்தான் போனது. அப்போது அம்மா தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்: "உங்கப்பா இருந்தா சின்னவனைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு."

கை பக்கத்து டப்பாவுக்குப் போனது. கனமே இல்லாத ரப்பர் வாஷர் எட்டு எடுத்துத் துணியில் முடிந்து கொடுத்தேன். இப்போது வருவது இந்த மாதிரிதான், இந்தக் கனம் போதும் என்றேன். அம்மா முடிச்சை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்தாள். பிறகு சரி என்றாள்.

அவன் ரட்சிக்கப்படக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருப்பான், மானம் ஒன்றும் போகாது. சபை முன்னால் ஒரே ஒரு நிமிடம் அவன் துணி மேலே வந்து, அவன் தடுமாறி, எல்லாரும் சிரிக்க வேண்டும். ஒன்பது வருடத்துக்கு ஒரு நிமிடம். அதிகம் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். போதகர் வீங்கிய முழங்காலை நீட்டி மேடைப் படியில் உட்கார்ந்திருந்தார். சின்னவன் செய்ததெல்லாம் இந்தத் தண்ணீரோடு போய்விடுமா என்று கேட்டேன். குரலில் இருந்த காரம் அவருக்குக் கேட்டிருக்கும்.

"கழுவுறதுன்னு மட்டும் நினைக்காதீங்க," என்றார். "உள்ள போறது சாவு. பழைய ஆளை அங்கேயே விட்டுட்டு வரணும்."

"நான் இறங்கி இருபத்தெட்டு வருஷம் ஆச்சுங்கய்யா. என் பழைய ஆளு நல்லா சாப்பிட்டுத் தூங்கிட்டுத்தான் இருக்கான்."

அவர் சிரித்துவிட்டார். இறங்குவதுதான் ஒரு தடவை, விட்டுவிடுவதைத் தினமும் செய்தாக வேண்டும், தனக்கும் அதுதான் பாடு என்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். நான் குழாயை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசியில் இன்னும் நூல் இருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எனக்கு எதுவும் குடுக்க வேண்டியது இல்லையே?" என்றாள்.

துண்டைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். துண்டு என் பையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பாட்டு முடிந்து போதகர் தொட்டியில் இறங்கினார். தண்ணீர் அவர் வயிற்றுக்கு மேல் நின்றது. நான் விளிம்பில் துண்டோடு நின்றேன். சின்னவன் வெள்ளை அங்கியில் வந்தான். அங்கி அவனுக்கு அத்தனை அழகாகப் பொருந்தியிருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது படியிலேயே துணி கிளம்பியது. முன்னால் அமுக்கினான், பின்னால் வந்தது. பின்னால் அமுக்கினான், இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டது. முன்வரிசையில் ஒரு சிறுமி களுக்கென்று சிரித்தாள், அது அப்படியே வரிசை வரிசையாகப் பரவியது. போதகர் அவன் தோளைப் பிடித்திருந்தார், அவருக்குக் குனிய முடியாது.

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சபையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் கால்சட்டையை நனைத்துக்கொண்டு என் வகுப்பு வாசலில் வந்து நின்றானே, அதே பார்வை. அன்று என் சட்டையைக் கழற்றி அவன் இடுப்பில் கட்டி வீட்டுக்கு நடத்திக் கூட்டிவந்தேன்.

"அண்ணே," என்றான். அருகில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

சட்டையோடு, பேன்ட்டோடு, பாக்கெட்டில் போனோடு இறங்கினேன். கணுக்கால் அருகில் அங்கியின் விளிம்பைப் பிடிக்க வேண்டுமென்றால் தலையும் தண்ணீருக்குள் போக வேண்டும், வேறு வழி இல்லை. போனேன். இரண்டு கையாலும் துணியைச் சேர்த்துப் பிடித்தேன். மேலே போதகரின் குரல் மங்கலாகக் கேட்டது. தம்பியின் முதுகு என் பக்கமாகத் தண்ணீருக்குள் சாய்ந்து வந்தது. அவன் குதிகால் என் தாடையில் இடித்தது. அந்தக் கணம் நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தோம்.

எழுந்தபோது மூக்கில் தண்ணீர். சபை அவனுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தது. நான் வழுக்கி விழுந்ததாகத்தான் பலர் நினைத்தார்கள். போதகர் என் காதோரம், "இது உங்களுக்கு ரெண்டாவது ஞானஸ்நானம்னு பதிவேட்டுல எழுத மாட்டேன்," என்றார்.

பின் அறையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து என் கையில் ஒரு முடிச்சை வைத்தாள். அவிழ்க்காமலே தெரிந்தது, நான் கொடுத்த ரப்பர் வாஷர்கள்தான்.

"தொட்டதுமே தெரிஞ்சுது," என்றாள். "விளிம்புல ரெண்டு விரல் அகலம் தைக்காம வெச்சிருந்தேன். நீயே மாத்திக் குடுப்பேன்னு காலையில வரைக்கும் பார்த்தேன்."

அம்மா துண்டால் என் தலையைத் துவட்டினாள். அப்போது சின்னவன் அங்கியைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தான். நான் ஏன் முழுசாக முங்கினேன் என்று கேட்டான். முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். எதை யார் எதற்காகக் கொடுத்தது என்பதைச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. அப்பாவின் ஏழு மாதம், கரண்டி, வாசல் சத்தம், அந்தக் கேள்வி எல்லாவற்றையும் அவன் முகத்தில் வீசுவதுபோலச் சொன்னேன்.

அவன் வாஷர்களைப் பார்க்கவே இல்லை.

"அப்பா என்னைக் கேட்டாரா?" என்றான்.

அவனுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கவே இல்லை. அவனுக்குச் சேர வேண்டியதை இத்தனை வருடம் என் காயம் என்று நான் வைத்துக்கொண்டிருந்தேன். தினமும் கேட்டார் என்றேன். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதான். சபை முன்னால் அழுகிற அழுகை இல்லை இது, சத்தமே வரவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "நீ ஊட்டினா சாப்பிடுவாராண்ணே? கூட இருந்து ஒரு வாய் ஊட்ட எனக்குக் குடுத்து வைக்கலை. உன்னை நினைச்சா எனக்கு வயிறு எரியுது."

என்னைப் பார்த்து ஒருவனுக்கு வயிறு எரியும் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மா ஊட்டினால் அப்பா பல்லைக் கடித்துக்கொள்வார். என் மனைவி ஊட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வார்.

"சாப்பிடுவாரு," என்றேன். "நான் ஊட்டினா மட்டும்தான் வாயைத் திறப்பாரு."